இரைச்சலும் ரசனையும்

ரசனை என்பது பிறவியிலேயே ஒருவனுக்கு வாய்த்துவிடும் தனிச்சொத்து என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவதில் ஒரு வசதியும் உண்டு. ‘எனக்குப் பிடித்திருக்கிறது, உனக்குப் பிடிக்கவில்லை’ என்று கூறிவிட்டால் விவாதம் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால், எதைக் கேட்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது, அதை அவன் காதுவரை கொண்டுவந்து சேர்த்தவர் யார், என்ன பயனை எண்ணிச் சேர்த்தார் என்னும் கேள்விகளை எழுப்பிப் பார்த்தால், நெல்லையும் துணியையும் போல ரசனையும் சமூகத்தில் விளைவிக்கப்படும் பொருளே என்பது புலனாகும்.

இக்கேள்விகளைப் பற்றி நான் மீண்டும் சிந்திக்க நேர்ந்ததற்கு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் காரணம். மேல்நாட்டு றொக், மெற்றல் இசையை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருபவன் என்பதை எப்படியோ அறிந்துகொண்ட அவன், “சேர், எனக்குப் பிடிச்ச மாதிரிப் புதுப் பாட்டு எங்கை தேடுறது?” என்று கேட்டான். அவன் கையிலிருந்த தொலைபேசியிற் கோடிக்கணக்கான பாடல்கள் இருந்தன. அதைச் சுட்டிக்காட்டியபோது, “கிடக்குதுதான் சேர், ஆனா எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு” என்றான். இல்லாமையால் வரும் பசியை நாம் அறிவோம். மலிவினால் வரும் இப்பசி புதிது. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தடையை அகற்றிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் ஓய்வறையில் இந்த இசையைக் கேட்ட நண்பர் ஒருவர், “இதென்ன மாஸ்ரர், தகரக் கூரையிலை கல்லெறிஞ்ச மாதிரி” என்றார். அவர் நல்லவர், முற்போக்கானவரும்கூட. ஆயினும், எது இசை, எது இரைச்சல் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் எப்பொழுதும் காதுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. நமது ஊர்களிற் பறையொலி நூற்றாண்டுகளாக ‘சத்தம்’ என்றே கணக்கிடப்பட்டது. அதன் தாளக்கட்டு எளிமையானது என்பதனாலன்று. அதை அடித்த கைகள் எந்தச் சாதிக்குரியவை என்பதனாலேயே அத்தீர்ப்பு வழங்கப்பட்டது. சாவு வீட்டிற்கு அது தேவைப்பட்டது. சங்கீத மேடைக்குத் தேவைப்படவில்லை. ஆகவே, ஓர் ஓசையை ‘இரைச்சல்’ என்று ஒதுக்குமுன், அதை எழுப்பியவர் யார் என்று கேட்பது நமது கடமையாகும்.

மெற்றல் இசையை எழுப்பியவர்கள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இங்கிலாந்தின் இரும்புத் தொழில் நகரமான பேர்மிங்காமில், அஸ்ரன் என்னும் பகுதியில் வளர்ந்த நால்வர் 1968இல் சேர்ந்து அமைத்த குழுவே பின்னர் ‘பிளாக் சபத்’ எனப் பெயர் பெற்றது. பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் இறைச்சிக்காக மாடுகள் வெட்டப்படும் கொட்டிலில் வேலை செய்தவர். கிற்றார் வாசித்த ரொனி அயோமி தகட்டு உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். 1965இல், பதினேழு வயதில், அவ்வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரமொன்று அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆகையால் தந்திகளை அழுத்த வேண்டிய கையே அந்த வலக்கை. தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் அவருக்கு ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 1928இல் தீயிற் கை கருகி, இரு விரல்களைக்கொண்டே கிற்றார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது. அதைக் கேட்டபின், அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தமக்கு விரல் நுனிகள் செய்துகொண்டார். அவற்றின்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைத் தேடிக் கட்டினார். 1971இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை மேலும் இறக்கினார். மெற்றல் இசையின் அடையாளமாகிய அந்தக் கனத்த ஒலி இவ்வாறு பிறந்தது. ஒரு தொழிலாளியின் உடலில் இயந்திரம் விட்டுச் சென்ற காயம் அதனுள் இருக்கிறது.

இதே பிரதேசத்திலிருந்து எழுந்த ‘ஜூடாஸ் பிறீஸ்ற்’ குழு, 1980 ஏப்ரலில் வெளியிட்ட இசைத்தட்டுக்கு ‘பிரிட்டிஷ் ஸ்ரீல்’ என்று பெயரிட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் பிரித்தானிய உருக்குத் தொழிலாளர்கள் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தனர். குழுவின் கிற்றார் கலைஞர்களுள் ஒருவரான கிளென் ரிப்ரன் முன்னர் உருக்குத் துறையில் வேலை செய்தவர். இவ்விசை புரட்சி இசை என்று நான் கூறவரவில்லை. பெரும்பகுதி அவ்வாறன்று. ஆனால், எந்த உழைப்பின் ஓசைகளுக்கு நடுவே அது உருவாயிற்று என்பதை அறிந்தவன், ‘தகரக் கூரையிற் கல்’ என்ற உவமையை ஏளனமாகக் கொள்ளமாட்டான். சரியான வருணனையாகவே கொள்வான்.

இனி, இந்த இசை என்னை வந்தடைந்த வழியைக் கூறுகின்றேன். 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிகளுக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தைக்கொண்டு வானொலி கேட்ட காலம் அது. பீ.பீ.ஸி. தமிழோசைக்காக அயலவர் பலர் எங்கள் முற்றத்தில் வந்து கூடுவர். செய்தி முடிந்து அவர்கள் கலைந்தபின், தம்பியைப் பெடல் சுற்றவைத்து நான் சிற்றலைகளைத் துழாவுவேன். பீ.பீ.ஸி.யின் உலக சேவையில் ஜோன் பீல் என்பவர் நடத்திய நிகழ்ச்சி அவ்வாறுதான் எனக்குக் கிடைத்தது. 1967 முதல் 2004இல் இறக்கும்வரை வானொலியிற் புதிய இசையை அறிமுகப்படுத்தி வந்தவர் அவர். பெயர் பெற்ற குழுவும் நேற்றுத் தோன்றிய குழுவும் அவருக்கு ஒன்றே. ஓரிரவு, அதற்குமுன் நான் கேட்டிராத கனமான கிற்றார் ஒலி ஒன்று அலைகளின் சீறலுக்குள்ளிருந்து எழுந்தது. தம்பியின் கை சோரச்சோர ஒலி தாழ்ந்தது. நான் அதட்ட, மீண்டும் உயர்ந்தது. பாடல் முடிந்து குழுவின் பெயர் சொல்லப்பட்ட கணத்தில் அவன் கையை விட்டுவிட்டான். அந்தக் குழுவின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆயினும், அதைத் தேடிச் சென்றதனாலேயே மற்றவை யாவும் கிடைத்தன. தொண்ணூறுகளின் பிற்பகுதியிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது, கண்டியைச் சேர்ந்த சிங்கள நண்பன் ஒருவன் வாய்த்தான். எனக்குச் சிங்களம் அரைகுறை. அவனுக்குத் தமிழ் அறவே தெரியாது. இருவருக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும். அவனிடம் பிரதி செய்யப்பட்ட கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைவிடப் பெறுமதியான ஒன்றை அவன் எனக்குக் கற்றுத் தந்தான். இசைத்தட்டின் உறையில், எழுத்துக்கள் மிகச் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும் நன்றியுரையைப் படிக்க வேண்டும் என்பதே அது. மெற்றல் குழுக்கள் தங்களுக்குப் பிடித்த ஏனைய குழுக்களின் பெயர்களை அங்கே வரிசையாக எழுதுவது வழக்கம். ஒரு குழுவை நேசித்தால், அக்குழு யாரை நேசித்தது என்று பார். இதைவிட நம்பகமான வழிகாட்டியை நான் பின்னர் கண்டதில்லை.

அக்காலத்தில் ஒரு நாள், வீதிச் சோதனைச் சாவடி ஒன்றில் எனது பையிலிருந்து பெயர் எழுதப்படாத கசெற் ஒன்று எடுக்கப்பட்டது. தமிழ் இளைஞன் ஒருவனிடம் பெயரில்லாத கசெற் இருப்பது அந்நாளிற் சிறிய விடயமன்று. காவலில் நின்ற இளைஞன் எனது வோக்மனில் அதைப் போட்டுக் காதில் வைத்தான். அதில் இருந்தது பிறேசில் நாட்டுக் குழுவாகிய ‘செபுல்ருறா’ 1996இல் வெளியிட்ட ‘றூற்ஸ்’. அரை நிமிடம் கேட்டான். பின்னர், குழுவின் பெயர் என்னவென்று சிங்களத்திற் கேட்டு, சிகரெட் பெட்டி ஒன்றை நீட்டி, அதில் எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். இந்நிகழ்ச்சியைப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்களின் பைகள் முன்போலவே கொட்டிக் கிளறப்பட்டன. யுத்தமும் 2009வரை நடந்தது. ஆனால், வரிசையில் நின்ற எவனும் துப்பாக்கியுடன் நின்ற எவனும் ஏழை வீட்டுப் பிள்ளையே என்பதை அன்று கண்ணாற் கண்டேன். யுத்தத்தைத் தொடக்குவோர் ஓரிடத்திலும், அதிற் சாவோர் வேறோரிடத்திலும் இருப்பதைச் சாடி, பிளாக் சபத் 1970இல் ‘வோர் பிக்ஸ்’ என்ற பாடலைப் பாடியது. அப்பாடலை அதன்பின் நான் வேறுவிதமாகவே கேட்டேன்.

கசெற் கைமாறுவது எங்கள் வறுமையாற் பிறந்த வழக்கம் மட்டுமன்று. மெற்றல் இசை வளர்ந்ததே அவ்வாறுதான். பேர்மிங்காமிற்கு அருகேயுள்ள ஸ்ரோர்பிறிட்ஜ் நகரத்து ‘டயமன்ட் ஹெட்’ என்னும் குழுவைப் பார்ப்பதற்காக, டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவில் வசித்த லார்ஸ் உல்றிக் என்ற பதினேழு வயது இளைஞர் 1981இல் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டிலேயே அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் ‘மெற்றாலிக்கா’ தோன்றக் காரணமாயிருந்தார். 1982இல் அக்குழு பதிவு செய்த மாதிரிக் கசெற் கைமாறிக் கைமாறி, நியூ ஜேர்சியில் மலிவுச் சந்தையில் இசைத்தட்டு விற்றுவந்த ஜொன் சசூலா, மார்ஷா சசூலா தம்பதியை அடைந்தது. பெருநிறுவனங்களை நம்பியிராது அவர்களே ஒரு வெளியீட்டகத்தைத் தொடங்கி, 1983இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். மெற்றாலிக்கா பின்னர் பெருஞ்செல்வம் ஈட்டியது வேறு கதை. அதன் முதற் காலடியைத் தாங்கியவர்கள், தமக்குப் பிடித்ததை இன்னொருவருக்குத் தபாலில் அனுப்பிய முகமறியாத ரசிகர்களே.

அந்த ரசிகர்களின் இடத்தில் இன்று ஓர் இயந்திரம் அமர்ந்திருக்கிறது. ஸ்பொட்டிபை நிறுவனம் 2015 முதல், ஒவ்வொரு திங்கட்கிழமையும் முப்பது பாடல்கள் கொண்ட பட்டியல் ஒன்றை ஒவ்வொரு ரசிகருக்கும் தனித்தனியே தயாரித்து அளிக்கும் முறையைத் தொடங்கியது. 2021இல் இலங்கைக்கும் அச்சேவை வந்தது. அதன் முறை மந்திரமன்று. நாம் கேட்கும் பாடல்கள் வேறு எவரெவரது பட்டியல்களில் உள்ளன என்று பார்த்து, அவர்கள் கேட்டு நாம் கேளாதவற்றை எடுத்துத் தருகிறது. பலர் சேர்த்துக் கேட்ட பாடல் மேலும் பலரை அடைகிறது. எவரும் கேளாத பாடலுக்கு அக்கணக்கில் இடமில்லை. 2024 முதல், முந்திய பன்னிரண்டு மாதங்களில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடல்களுக்கு அந்நிறுவனம் கொடுப்பனவு செய்வதையும் நிறுத்திவிட்டது. சசூலா தம்பதியின் கையில் வந்து சேர்ந்த அந்த மாதிரிக் கசெற் இன்றைய கணக்கிலே வந்திருந்தால், அதன் பெறுமதி பூச்சியம்.

இயந்திரத்தை உடைக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். டைனமோவைச் சுற்றியவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், அது செய்வது இன்னதென்று அறிந்து பயன்படுத்த வேண்டும். நேற்று நாம் விரும்பியதை அது இன்று நமக்குத் திருப்பித் தருகிறது. ‘எல்லாம் ஒரே மாதிரி’ என்று மாணவன் சொன்னதன் காரணம் இதுவே. கண்ணாடியில் எத்தனை நேரம் பார்த்தாலும் புதிய முகம் தோன்றாது. கலைஞனிடமிருந்து நேரடியாக வாங்க வழி செய்த பாண்ட்காம்ப் என்னும் அங்காடி 2008இல் தொடங்கிப் பல சிறு குழுக்களுக்குக் கைகொடுத்தது. 2023இல் அது கைமாறியபோது, தொழிற்சங்கம் அமைத்திருந்த ஊழியரில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் வேலையிழந்தனர். ஆகவே, நல்ல கடையும் கடையே என்பதை மறந்துவிடலாகாது.

அப்படியாயின் தேடுவது எவ்வாறு? நான் கண்ட முறையைச் சொல்கிறேன். முதலில், பிடித்த பாடல் ஏன் பிடித்தது என்று தன்னைத்தானே கேட்க வேண்டும். பிளாக் சபத்தின் பாடல் ஒன்றை மூவர் விரும்பலாம். ஒருவனுக்கு அதன் மந்தமான, பாரமான நடை பிடித்திருக்கும். அவன் 1986இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட சுவீடன் நாட்டுக் ‘கண்டில்மாஸ்’ குழுவிடம் போகவேண்டும். இன்னொருவனுக்குக் கிற்றாரின் கூர்மையான சுழற்சி பிடித்திருக்கும். அவன் டயமன்ட் ஹெட் வழியே மெற்றாலிக்காவிடம் போகலாம். மூன்றாமவனுக்கு யுத்தத்தின் மீதான கோபம் பிடித்திருக்கும்; பேர்மிங்காம் அயலில் 1981இல் தோன்றிப் பாசிசத்தையும் சுரண்டலையும் எதிர்த்துப் பாடிவரும் ‘நேப்பாம் டெத்’ அவனுக்குரியது. பாடல் ஒன்று, காரணம் மூன்று, பாதையும் மூன்று. இயந்திரம் பாடலை அறியும். காரணத்தை நாமே சொல்ல வேண்டும்.

அந்த மாணவனிடமும் இக்கேள்வியையே திருப்பிக் கேட்டேன். ஒரு வாரம் கழித்து வந்து, “பாட்டில்லை சேர், அடிதான் பிடிச்சிருக்கு” என்றான். அவன் தவிற்காரர் குடும்பத்துப் பிள்ளை. அளவெட்டித் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பெயரை உச்சரிக்கும்போதே எழுந்து நிற்பவர் அவனது தாத்தா. சுவீடனின் ‘மெஷுகா’ குழுவைக் கேட்டுப் பார் என்றேன். அதில், மேளக்காரரின் ஒரு கை நாலுக்கு நாலாக நடையைப் பிடித்துக்கொண்டிருக்க, காலும் கிற்றாரும் அதற்குள் அடங்காத ஒற்றைக் கணக்குகளிற் சுழன்று, வெகு தூரம் சென்று, சமத்தில் வந்து சேரும். மறுநாட் காலை, பாடசாலை வாசலிலேயே என்னை மறித்து, “சேர், இது கணக்கெல்லோ!” என்றான். தாளில் எண்ணியும் வைத்திருந்தான். தன் வீட்டுக் கலை உலகத்தின் எந்த மூலையிலும் தலைநிமிர்ந்து நிற்கக் கூடியது என்ற எண்ணம் அவன் முகத்தில் தெரிந்தது.

இரண்டாவதாக, ஆற்றின் மேற்புறமாக நடக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஆசானாக இருந்தவர் யார், அக்குழுவிலிருந்து பிரிந்தவர் எங்கே போனார், அதை வெளியிட்டவர் வேறு யாரை வெளியிட்டார் என்று விசாரிக்க வேண்டும். 2002 முதல் ரசிகர்களே தொண்டாகத் தொகுத்துவரும் மெற்றல் கலைக்களஞ்சியம் இதற்குப் பேருதவி. மூன்றாவதாக, ஒரு பாடலன்றி இசைத்தட்டு முழுவதையும், குறைந்தது மூன்று தடவையாவது, வேறு வேலையின்றிக் கேட்க வேண்டும். அரை நிமிடத்தில் தள்ளிவிடும் விரல் எதையும் கற்றுக்கொள்ளாது. நான்காவதாக, தேசப்படத்தை விரிக்க வேண்டும். ‘றூற்ஸ்’ இசைத்தட்டுக்காகச் செபுல்ருறா பிறேசிலின் பூர்வகுடிகளான ஷவான்ற்றே மக்களின் ஊருக்குச் சென்று அவர்களுடன் சேர்ந்து பதிவு செய்தது. நியூசீலாந்தின் ‘ஏலியன் வெப்பன்றி’ 2018இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் பல பாடல்களை மாவோரி மொழியிலேயே பாடிற்று. பிரித்தானியப் படையை மாவோரிகள் எதிர்த்து நின்ற 1864ஆம் ஆண்டுச் சமரும் அதில் ஒரு பாடலாகியது. பேர்மிங்காம் தொழிற்சாலையிற் பிறந்த ஒலி, ஒடுக்கப்பட்ட மொழி ஒன்றுக்குக் கருவியாகியிருப்பதைக் காணும்போது, ‘இது அந்நியரின் இசை, நமக்கேன்?’ என்ற கேள்வி தன் வலுவை இழக்கிறது.

தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இந்த இசைக்குள் இருட்டும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நோர்வேயில் இவ்விசையைச் சார்ந்த சிலர் தேவாலயங்களுக்குத் தீ வைத்தனர். பேர்கன் நகருக்கு அருகிலிருந்த பழைமையான பன்ரொப்ற் மரத் தேவாலயம் 1992இல் எரிந்தது. இனவெறியைப் பாடும் குழுக்களும் உள. இனவெறி எதை எரிக்கும் என்பதை, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு எவரும் கூற வேண்டியதில்லை. ‘எனக்கு இசை மட்டும்தான் வேண்டும், சொல் வேண்டாம்’ என்பார் பேச்சை நான் ஏற்பதில்லை. புதிய குழு ஒன்றைக் கண்டால் அதன் சொற்களையும் படிக்க வேண்டும். ரசனைக்கும் மனச்சாட்சிக்கும் இடையே மதில் இல்லை.

2025 யூலை 5ஆம் திகதி, பிளாக் சபத்தின் நால்வரும் தாங்கள் வளர்ந்த அஸ்ரனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் இறுதியாகக் கூடி வாசித்தனர். பதினேழு நாட்களின்பின் ஒஸி ஒஸ்போர்ன் காலமானார். இறுதி ஊர்வலத்தைக் காணப் பேர்மிங்காம் வீதியில் ஆயிரக்கணக்கானோர் நின்றனர். இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றைத் தமதெனக் கொண்டாட அந்நகரத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு வேலை உண்டு. மாணவனுடைய காதுக்குள் இருப்பதைப் பிடுங்கி எறிவது அவ்வேலையன்று. நமது விருப்பத்தை அதற்குள் திணிப்பதுமன்று. அது ஏன் பிடித்திருக்கிறது என்று அவனைக் கேட்பதும், அவன் சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேட்பதும், அதன்பின் நாம் அறிந்த ஒரு பெயரை அவனிடம் கொடுப்பதுமே அது. எனக்குக் கிடைத்த பெயர்கள் யாவும் அவ்வாறு யாரோ கொடுத்தவையே. பெற்றவன் கொடாதிருந்தால், அடுத்தவனுக்குத் திங்கட்கிழமைப் பட்டியல் மட்டுமே மிஞ்சும்.